கடல் விடும் மூச்சுக்குக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரே கடல். அதை அளந்தவர்கள் எல்லோரும் கற்றறிந்த விஞ்ஞானிகள். ஆனால் விடைகளோ மூன்று!

ரஷ்யாவின் வட விளிம்பில், ஆர்க்டிக் கடலில், கிழக்குச் சைபீரியக் கடல்திட்டு என்றொரு பகுதி உள்ளது. பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர்; ஆழமோ சராசரியாக 50 மீட்டர்தான். பனியுகத்தில் நிலமாக இருந்து, பின்னர் கடல் கொண்ட இடம் அது. அடியில் உறைந்து கிடக்கும் மண் இளகும் இடங்களிலிருந்து மீத்தேன் கசிந்து மேலே வருகிறது. இயற்கை எரிவாயு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மீத்தேன்தான். ஆண்டுதோறும் அங்கிருந்து காற்றில் கலப்பது எவ்வளவு? சுமார் 80 லட்சம் டன் என்று 2010-இல் நடாலியா ஷாகோவாவும் அவர் குழுவினரும் எழுதினார்கள். 2014-இல் அவர்களே 1 கோடியே 70 லட்சம் டன் என்றார்கள். 2016-இல் பிரெட் தார்ன்டன் என்பாரின் குழு, 'ஓடன்' என்னும் பனியுடைக்கும் கப்பலில் அளந்து வந்ததை வைத்து, சுமார் 29 லட்சம் டன் என்றது.

இதைப் படித்ததும் எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கடல் விடும் வாயுவைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. கடல்நீரைப் புட்டியில் பிடித்து, கிருமிகள் மீத்தேனைத் தின்றுவிடாதபடி சிறிது மெர்க்குரிக் குளோரைடு இட்டு மூடி, பிறகு வாயு வண்ணப்படிவுக் கருவியில் அளக்கிறார்கள். காற்றோடு சமநிலையில் இருந்தால் அந்த நீரில் எவ்வளவு மீத்தேன் கரைந்திருக்கும் என்பதை நாம் படிக்கும் ஹென்றி விதியின் வழியே அறியலாம். அதற்கு மேல் மிகுந்திருப்பதுதான் வெளியேறக் காத்திருக்கும் வாயு. அது எவ்வளவு வேகமாக வெளியேறும்? அங்கேதான் சிக்கல். வழக்கமாகக் கையாளும் சூத்திரத்தில் இந்த வேகம் காற்றின் வேகத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று இரு மடங்கானால் வாயு நான்கு மடங்கு வெளியேறும். புயல் நாளில்தான் கடல் அதிகமாக மூச்சு விடுகிறது. ஆனால் புயல் நாளில் புட்டியோடு கடலுக்குப் போகிறவர் யார்?

இது கரைந்த வாயுவின் கதை. குமிழியாக வரும் வாயு இந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படாது. கோலி சோடாவை உடைத்ததும் பொங்குவதைப் போல அது நேரே மேலே போய்விடும். ஆழம் அதிகமானால் போகும் வழியிலேயே கரைந்து, நுண்ணுயிர்களுக்கு இரையாகும். நம் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-இல் சுமார் 1,000 மீட்டர் நீருக்கு அடியில் மீத்தேன் ஹைட்ரேட் கண்டார்களே, அத்தனை ஆழத்திலிருந்து கிளம்பும் குமிழி காற்றைக் காண்பது அரிது. ஆழம் குறைந்த கடலில்தான் குமிழி தப்பிக்கிறது.

குமிழியை நேரடியாகப் பிடித்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் சான்டா பார்பரா அருகே 'கோல் ஆயில் பாயின்ட்' என்ற இடத்தில், 1982-இல் கடலடியில் இரண்டு எஃகுக் கூடாரங்களைக் கவிழ்த்து வைத்தார்கள். கசியும் வாயு கூடாரத்தில் சேர்ந்து குழாய் வழியே கரைக்கு வந்தது. அங்கே அளந்ததில் ஒரு செய்தி தெரிந்தது: கடல் ஏற்றத்தின்போது கசிவு குறைகிறது, வற்றத்தின்போது கூடுகிறது. ஒரே துளை, ஒரே நாள். காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு!

என் தந்தையார் மாந்தோப்புக் குத்தகைக்காரரிடம் கூலிக்குக் காய் பறிக்கப் போகிறவர். குத்தகைக்காரர் பத்து மரத்தைப் பார்த்துவிட்டுத் தோப்பு முழுவதற்கும் விலை பேசுவார். "காய்ச்ச மரத்தடியில நின்னுக்கிட்டு தோப்பை எண்ணக்கூடாதுடா" என்பார் அப்பா. பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காதவர் சொன்னதுதான் சைபீரியக் கடல் பற்றிய வழக்கின் சாரமும்கூட. குமிழி பொங்கும் இடங்களை ஒலிக்கருவியால் அளந்து, பெரும்பரப்புக்கு விரித்தால் பெரிய எண் வரும். கப்பல் போகும் வழியெல்லாம் இடைவிடாமல் அளந்து விரித்தால் சிறிய எண் வரும். அதில் பொங்கும் இடம் ஒன்றிரண்டு தப்பியிருக்கவும் கூடும்.

2019-இல் தாமஸ் வெபர் குழுவினர் உலகக் கடல் முழுவதற்கும் கணக்கிட்டு, ஆண்டுக்கு 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் டன் என்றார்கள். ஒரு திட்டுக்கு மட்டும் 2014-இல் சொன்ன எண் இதன் மேல் எல்லையையும் தாண்டி நிற்பதைக் கவனியுங்கள். உலகில் எல்லா வழிகளிலும் காற்றில் சேரும் மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டன். கடலின் பங்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. "கடலே விடுகிறது, மனிதனைக் குறை சொல்வானேன்?" என்று கேட்போருக்கு இது போதிய பதில். "ஆர்க்டிக் வெடிக்கப் போகிறது" என்று அலறுவோரோ 1 கோடியே 70 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைக்கிறார்கள். இரு சாராரும் தமக்குப் பிடித்த எண்ணைப் பொறுக்குகிறவர்களே. அறுபது லட்சம் "முதல்" என்று சொல்கிற அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இனி என் நிம்மதிக்கு வருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு தரம்பார்த்தல் செய்தபோது பியூரெட்டில் எனக்கு 19.5, 19.9, 19.6 என்று வந்தது. பக்கத்து மேசை நண்பனுக்கு 19.8. நான் அழித்துவிட்டு மூன்று முறையும் 19.8 என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்தால் வீட்டில் விளக்கிச் சொல்ல, கல்லூரி படித்தவர் ஒருவரும் எனக்கில்லை. இப்படி எழுதியது நான் ஒருவன்தானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் நண்பர்களே!

செய்முறைத் தேர்வில் விடையோடு வீச்சையும் எழுத ஒரு வரி ஒதுக்கவேண்டும், மாறுபட்ட ரீடிங்கைக் காரணத்தோடு எழுதுபவனுக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது என்பது என் வேண்டுகோள். இந்தப் பருவத்தில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் எனக்கு வந்தவை 18.9, 19.3, 19.0. மூன்றையும் மையினால் எழுதி, இரண்டாம் முறை மேல்விளிம்பை விட்டுக் கீழ்விளிம்பைப் பார்த்துவிட்டேனோ என்ற ஐயத்தையும் கீழே குறித்திருக்கிறேன். ரெக்கார்டு நோட்டு இன்னும் திருத்தி வரவில்லை.