பத்து பெரண்டாமில் பழகிய கைகள்

மலாக்கா உம்பாயில் மீன் சுடும் கடைகள் அடுப்பு மூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், பிற்பகல் மூன்று மணிவாக்கில், கித்தார் பையோடு யாராவது பழுது பார்க்கச் சொல்லி என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். போன வாரம் வந்தவன் மெர்லிமாவ் பையன், படிவம் ஐந்து படிக்கிறான். பள்ளி விடுமுறை முழுக்க மீன் கடையில் தட்டுக் கழுவிச் சேர்த்த 280 வெள்ளியில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் புது பிக்கப் வாங்கித் தானே மாட்டியிருக்கிறான்.

"ஆன்ட்டி, பழசைவிட மோசமா கேக்குது. வித்துடலாமா?" என்றான்.

கித்தாரின் முன்தட்டைக் கழற்றினேன். அவன் போட்டிருந்தது இரட்டைச் சுருள் பிக்கப். அதிலிருந்து நான்கு நிறக் கம்பிகளும் உறையில்லாத ஒரு கம்பியும் வரும். பிழை நிறத்தில்தான் இருந்தது. சீமோர் டங்கன் நிறுவனத்தின் பிக்கப்பில் கறுப்புக் கம்பிதான் ஒலியைச் சுமந்து வெளியே போகும். வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைக்க வேண்டும். டிமார்சியோ நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்புதான் வெளியே போகும். கறுப்பும் வெள்ளையும் சேரும். பச்சை இரண்டிலும் தரைக்கு. பையனிடம் இருந்தது டிமார்சியோ, கைப்பேசியில் பார்த்து வரைந்து வைத்திருந்த படமோ டங்கனுடையது.

இதனால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் அதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் காந்த முனையைத் திருப்பி, மின்னோட்டத் திசையையும் திருப்பினார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பையன் கம்பியை மாற்றிப் பற்றவைத்ததில் ஒரு சுருள் தலைகீழானது. கூட வேண்டியது கழிந்து போக, கழிய வேண்டியது கூடி நின்றது. மெலிந்த ஓசை, அதற்கு மேலே வண்டு போல ரீங்காரம். கறுப்பையும் சிவப்பையும் இடம் மாற்றப் பத்து நிமிடம் போதும்.

அதற்குப் பிறகும் உள்ளே ஏதோ கரகரத்தது. வால்யூம் குமிழின் முதுகில் அவன் வைத்திருந்த பற்று, கொழுக்கட்டை போல உருண்டு மங்கலாக உட்கார்ந்திருந்தது. அந்த முதுகு பெரிய உலோகம், சூட்டை இழுத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, உலோகம் நன்றாகச் சூடான பிறகே ஈயம் காட்ட வேண்டும். வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு என்ற கலவை 183 டிகிரியில் உருகிவிடும். ஆனால் உருகுவது வேறு, ஒட்டுவது வேறு.

"இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன். யாருமில்லை என்றான். அம்மா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். "ஃபேக்டரி" என்றான். பத்து பெரண்டாமில் 19 வருடம் வேலை பார்த்திருக்கிறார். என்ன வேலை என்பது அவனுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். 1973இல் சீமென்ஸ் மலாக்காவின் பத்து பெரண்டாமில் தொழிற்சாலை திறந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்களைப் போன்ற பெண்கள் விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். நான் 1984இல் சேர்ந்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, 0.025 மில்லிமீட்டர் தங்கக் கம்பியைச் சில்லின் மேல் பொருத்துவது வேலை. கித்தார் பிக்கப்பில் சுற்றும் செம்புக் கம்பி ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர். எங்கள் விரல்களுக்கு அது கயிறு. பிறகு பழுது பார்க்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம் சோல்டரிங் அயர்னோடு இருந்தேன். வீட்டில் ஃபியூஸ் போனால் மட்டும், "ஆம்பளை யாரையாவது கூப்பிடு" என்பார்கள்.

கலிபோர்னியாவில் அபிகெய்ல் இபாரா என்ற பெண் 1956இல் ஃபெண்டர் கித்தார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிக்கப்புகளுக்குக் கம்பி சுற்றினார். ஒரு பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்று. கம்பியை விரலிடுக்கில் பிடித்து, அறாமலும் தளராமலும் வழிநடத்த வேண்டும். அவர் 2013இல் ஓய்வு பெற்றபோது, அவர் கைபட்ட பிக்கப்புகளை உலகெங்கும் கித்தார் வாசிப்பவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவற்றின் அடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கைபட்ட சில்லுகள் எந்தெந்த நாட்டுக்கோ போயின. எதிலும் எங்கள் எழுத்து இல்லை.

ஆகவே கோவில் மண்டபங்களையும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். கித்தார் வகுப்பு நடத்துகிறீர்கள், நல்லது. அதே மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, கித்தாரைத் திறந்து பார்க்கும் வகுப்பும் நடத்துங்கள். ஆசிரியரைத் தேடி வெளியூர் போக வேண்டாம். உங்கள் அன்னதான வரிசையில் சோறு பரிமாறும் ஐம்பத்தைந்து, அறுபது வயது அக்காக்களைக் கேளுங்கள், சிலராவது சோல்டரிங் பிடித்தவர்களாக இருப்பார்கள். நான் வாங்கிய அயர்ன் 45 வெள்ளி, மீட்டர் 30 வெள்ளி.

பிள்ளைகள் சுட்டுக்கொள்வார்களே என்கிறார்கள். தோசைக்கல்லிலும் சுட்டுக்கொள்வார்கள். காரீயத்தைப் பற்றிய பயம் நியாயமானது. சன்னல் திறந்திருக்கட்டும், புகை முகத்துக்கு வராமல் விசிறி ஓடட்டும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் பலகாரத்தைத் தொட வேண்டாம். தொழிற்சாலையில் எங்களுக்கு இருந்த ஒழுங்கு அதுதான்.

பையனை அழைத்துப் போக அவன் அம்மா மோட்டாரில் வந்தார். குமிழின் முதுகில் இருந்த அந்தப் பற்றை நான் வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர், "சூடு பத்தலடா" என்றார். தலைக்கவசத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு அயர்னை வாங்கினார். முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார், முதுகில் வைத்தார், மனதுக்குள் எண்ணினார், ஈயத்தைக் காட்டினார். அது தண்ணீர் போலப் பரவிப் பளபளத்தது. பையன் கித்தாரைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரும் சனிக்கிழமை தன் பழைய லைன் தோழி ஒருவரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு அயர்ன் வாங்கி வைக்க வேண்டும்.