பறிபோனது எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் துப்பாக்கியோடு பொருத்தும் ஏதாவதொரு உறுப்புக்குக் கட்டுப்பாடு என்று பேச்செடுத்தாலே, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள். இன்றைக்கு இந்தப் பிளாஸ்டிக் கட்டை, நாளைக்கு மேகசீன், அதற்கு மறுநாள் வாசலில் வந்து நின்று துப்பாக்கியையே கேட்பார்களாம். மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் தொண்ணூறு ஆண்டு வரலாறு வேறு கதை சொல்கிறது.

1934இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் சைலன்சருக்கும் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன. 1986இல் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்க முடியாமல் போனது. அதே சட்டம்தான், மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்றும் தடுத்தது. 1994இல் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசீன்களுக்குத் தடை. 2004இல் அது காலாவதியானது. வேட்டைக்காரரின் ரைஃபிளை யாராவது வந்து வாங்கிக்கொண்டு போனார்களா? துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் கையில் 39 கோடிக்கும் மேல் துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம். சைலன்சர் மீதிருந்த அந்த 200 டாலர் வரியும் 2026 ஜனவரியில் பூஜ்யமாகிவிட்டது. ஒரு கட்டுப்பாடு அடுத்ததற்குச் சறுக்கிக்கொண்டு போகும் சரிவு என்கிறார்களே, இத்தனை காலமும் அது அவர்கள் பக்கமாகத்தான் சரிந்திருக்கிறது.

வெறும் உதிரிப் பொருள், அது யாரையும் கொல்லாது என்றும் ஒரு வாதம். அந்தப் பிளாஸ்டிக் கட்டையான பம்ப் ஸ்டாக் என்ன செய்கிறது என்று பாருங்கள். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். இன்னொரு கை அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும் விரலில் விசை தானாக வந்து மோதி மோதித் திரும்பும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகள். கையசைவு குறைந்தவர்களுக்கு உதவும் கருவி என்று சொல்லி 2010இல் அனுமதி வாங்கினார்கள். 2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கிகளால் இசை விழாக் கூட்டத்தின் மீது ஏறத்தாழ பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தான். 60 உயிர்கள் போயின.

மேகசீன் சங்கதியும் இதேதான். 2011 ஜனவரியில் டூசான் நகரில், நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸைச் சுட்டவனிடம் 33 தோட்டா மேகசீன் இருந்தது. அது தீர்ந்து அடுத்ததை மாட்டப் போன நொடியில்தான் அங்கிருந்தவர்கள் அவன் மீது பாய்ந்தார்கள். ஒரு பெண்மணி அந்த மேகசீனைப் பற்றிக்கொண்டார். பதின்மூன்றாவது குண்டு ஒன்பது வயதுச் சிறுமியைக் கொன்றது என்று கிஃபோர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி பின்னர் செனட் குழுவின் முன் சொன்னார். பத்தோடு தீர்ந்திருந்தால்? அந்த இடைவெளியைத்தான் சட்டம் கேட்கிறது. துப்பாக்கியை அல்ல.

லாஸ் வேகஸுக்குப் பிறகு, துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கமான என்.ஆர்.ஏ.வே பம்ப் ஸ்டாக்குக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்றது. 2018 டிசம்பரில் தடை விதித்தது டிரம்ப் அரசு. அதிகாரிகள் விதி போட்டுச் சட்டத்தை நீட்டக் கூடாது, அது காங்கிரஸின் வேலை என்று எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். நியாயமான வாதம்தான், நான் அதை மறுக்கவில்லை. 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடையை நீக்கியது. காங்கிரஸ் வேண்டுமானால் சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியாகவும் எழுதினார். நான்கே நாளில், பம்ப் ஸ்டாக்கைத் தடுக்கும் மசோதாவை ஒருமனதான ஒப்புதலோடு நிறைவேற்றச் செனட்டில் கொண்டுவந்தார்கள். நெப்ராஸ்கா செனட்டர் பீட் ரிக்கெட்ஸ் ஒருவரின் ஆட்சேபம் போதுமானதாக இருந்தது, அது அங்கேயே நின்றது. தடை பம்ப் ஸ்டாக்கோடு நிற்காது, மற்ற உறுப்புகளையும் வாரிக்கொண்டு போகும் என்பது அவர் சொன்ன காரணம்.

அதிகாரிகள் செய்தால் அத்துமீறல், காங்கிரஸ் செய்ய முனைந்தால் பறிமுதலுக்கு முன்னோட்டம் என்றால், எந்த வழியில் வரும் கட்டுப்பாட்டை ஏற்பார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.