குண்டேற்றும் உத்தரவுக்கும் பொறுப்புண்டு

கேகாலை மாவட்டத்தின் ரம்புக்கனையில் 2022 ஏப்ரல் 19ஆம் திகதி, எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகப் புகையிரதப் பாதையை மறித்துப் போராடிய மக்கள் மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். சுடுமாறு உத்தரவிட்டவர் யார் என்ற கேள்வியே பெரிதும் பேசப்பட்டது. ஆனால், அதற்கு முந்திய கேள்வியொன்றும் உண்டு. ரவைகளுடன் ரீ-56 துப்பாக்கிகளை அங்கே அனுப்பியவர் யார்?

ரீ-56 யுத்தகளத்துக்கான ஆயுதம். அதன் மகஸின் 30 ரவைகள் கொள்ளும். ஒவ்வொன்றாகவும் தொடராகவும் சுடலாம். மகஸினைக் கழற்றிவிட்டாலும், துப்பாக்கியின் அறைக்குள் ஏற்கனவே ஏறிய ரவை அங்கேயே இருக்கும். சனநெரிசலுக்குள் பாயும் ரவை குறிவைக்கப்பட்டவருடன் நின்றுவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

எவ்வகைத் துப்பாக்கியும் ரவையும் பயன்படுத்தப்படலாம் என்பதை விதிகள் வரையறுக்க வேண்டும். வழங்கப்படும் ஆயுதங்களுக்குக் கணக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும் என 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அடிப்படைக் கோட்பாடுகள் கூறுகின்றன. 2011இல் கட்டுநாயக்கவும் 2013இல் வெலிவேரியவும் கற்பித்த பாடம் ரம்புக்கனையில் மறக்கப்பட்டது.

சம்பளத்துக்காக வீதிக்கு இறங்கும் சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளருக்கும் இது அந்நிய விவகாரமல்ல. பொறுப்புக்கூறல், விசை அழுத்தப்படும்போதல்ல, மகஸின் பொருத்தப்படும்போதே தொடங்க வேண்டும்.