விழுந்தவனுக்குச் சிறைதான் மருந்தா?

இளைஞர்களே! வணிகச் சகோதரர்களே!

போதை ஹராம் (பார்க்க: திருக்குர்ஆன் 5:90). இதில் நமக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நம் தெருப் பையன் கஞ்சாவுடன் பிடிபட்டால் என்ன நடக்கிறது? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறு அளவுக்கே ஓராண்டு வரை சிறை! பிடிப்பது மாநிலக் காவல்துறை. அதே மாநில அரசுதான் 2003 முதல் டாஸ்மாக் கடை திறந்து மதுவைச் சில்லறைக்கு விற்கிறது. இது என்ன நியாயம்?

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சிறு அளவு வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். இதைக் காவல் நிலையத்தில் யார் எடுத்துச் சொல்வார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும்!

நாமோ மானம் போகுமென்று மகனை மறைக்கிறோம். அவன் பள்ளிவாசல் பக்கம் வந்தால் முகம் சுளிக்கிறோம். லாபம் யாருக்கு? விற்பவனுக்கு!

ஜமாஅத்தார்களே, வழக்கறிஞர் வைத்து 64ஏ-யைக் கேளுங்கள். வணிகர்களே, ஏழைப் பிள்ளையின் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே, விற்பவனைப் பிடித்துக் கொடுங்கள். விழுந்தவனைத் தூக்கி விடுங்கள்!