மான் தடம் கேட்டு வருபவருக்கு வழி காட்டாதீர்கள்

கீழக்கரையிலிருந்து மேற்கே, கடலாடிப் பக்கம் ஒரு மானாவாரி நெல் வயல். போன மார்கழியில் அங்கே போயிருந்தேன். கதிர் வெளிவரும் பருவம். கருவேலங்காட்டை ஒட்டிய வரப்போரம் ஏழெட்டு அடி அகலத்துக்குப் பயிரில் நுனியே இல்லை. வயலுக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் வேளாண் ஆராய்ச்சி வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் உரமா, மருந்தா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சார், டவுன்லருந்து ரெண்டு பசங்க கார்ல வந்தாக. 'ஐயா, மான் எந்தப் பக்கமா எறங்குது, எத்தன மணிக்கு வருது, தண்ணி எங்க குடிக்குது'ன்னு கேட்டாக. ஒரு தொடை தாறோம்னும் சொன்னாக. காட்டிவிடவா?"

காட்டிவிட்டால் தொல்லை ஒழியும் என்பது அவர் கணக்கு. விதைத்து, களை எடுத்து, மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடந்து, கதிர் வரும் நேரத்தில் மானுக்குக் கொடுத்தவரின் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் காட்டாதீர்கள் என்றுதான் சொன்னேன். கருவேலங்காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முதல் காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைச் சுடுவது மட்டும் வேட்டை ஆகாது. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கெல்லாம் முயல்வதும் வேட்டைதான். 2022இல் திருத்தம் வந்த பிறகு புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் வயலுக்காரர்கள் கவனிக்க வேண்டியது 52ஆம் பிரிவு. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரும் அந்தக் குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார் என்கிறது அது. தடம் காட்டியவர், தொடை வாங்கியவர், வரப்பில் டார்ச் பிடித்தவர் எல்லாரும் ஒரே வழக்கில் நிற்க வேண்டிவரும். கார் வைத்திருப்பவர் வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவார். நிலத்தின் சர்வே எண்ணோடு மாட்டிக்கொள்பவர் நீங்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி அறிவித்ததைச் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்ற அந்த ஏற்பாடு வனத்துறையினருக்கு உரியது, விவசாயிக்கு அல்ல. மானுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

இரண்டாவது காரணம் எளிய கணக்கு. இருபது மான் கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மிச்சம் பதினெட்டு. அவை ஒரு வாரம் பக்கத்துக் காட்டுக்கு ஒதுங்கும். தீனியும் தண்ணீரும் மறைப்பும் இருக்கிற இடத்தைவிட்டு நிரந்தரமாகப் போகாது. சுட வருகிறவர்களும் பயிருக்காக வருவதில்லை, கறிக்காக வருகிறார்கள். தடம் தெரிந்துவிட்டால் அடுத்த வருடமும் உங்கள் வரப்பில்தான் வந்து நிற்பார்கள்.

ஆனால் அந்தப் பையன்கள் கேட்ட கேள்விகள் மூன்றும் சரியான கேள்விகள். எங்கே இறங்குகிறது, எப்போது வருகிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. அங்கே பருவம் தொடங்கும் முன்பே வேட்டைக்காரர் காட்டுக்குள் நடந்து குளம்படி, புழுக்கை, கொம்பு உரசிய மரம், படுத்த இடம், காற்றின் திசை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உட்காரும் இடத்தை முடிவு செய்கிறார். தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவைக்கிறார். இந்தக் காணொளிகளைப் பார்த்துத்தான் நம் பையன்களும் தடம் கேட்டு வருகிறார்கள். அங்கே உள்ள சட்டம் வேறு என்பதைக் காணொளி சொல்லாது. அந்த அறிவை வயலுக்காரர் பயிரைக் காக்கப் பயன்படுத்தலாமே என்பதுதான் நான் சொல்ல வந்தது. நாம் வேலிக்குச் செலவு செய்கிறோம், எங்கே வேலி வேண்டும் என்று நடந்து பார்ப்பதில்லை.

எப்படிப் பார்ப்பது? முதல் மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, விடியும் நேரத்தில் வயலின் வெளி வரப்பை ஒருமுறை முழுதாகச் சுற்றுங்கள். புள்ளிமானின் குளம்படி ஒடுக்கமாக, முன்பக்கம் கூராக இருக்கும். ஆட்டுக் குளம்படி முனை மழுங்கியது. பன்றியுடையது அகலமானது, சேற்றில் பின்பக்கம் இரண்டு சிறு விரல்களும் பதியும், மண்ணையும் கிளறிப் போட்டிருக்கும். தின்ற பயிரையும் பாருங்கள். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். மானுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்க்கும், நுனி நார்நாராகத் தொங்கும். ஆட்டுக்கும் அப்படித்தான் என்பதால் கடியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு ஆட்டைப் பிடிக்காமல் மானைத் திட்டியவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்!

மூன்று நாள் பார்த்தால் ஒன்று புரியும். மான் வயலின் நான்கு பக்கமும் ஏறுவதில்லை. கருவேலத்துக்குள் ஒற்றையடித் தடம் போட்டு, இரண்டு மூன்று வாய்களில் மட்டும் இறங்கும். அந்தத் தடத்தின் இன்னொரு முனை பெரும்பாலும் கண்மாயிலோ ஊருணியிலோ முடியும். கோடையில் அதற்கு அன்றாடம் தண்ணீர் வேண்டும். பங்குனி, சித்திரையில் எந்த ஊருணியில் தண்ணீர் நிற்கிறதோ அதைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். ஐப்பசியில் விதைக்கப்போகும் வயலுக்கு ஆபத்து எந்தப் பக்கம் என்பதை அப்போதே ஓரளவு சொல்லிவிடலாம். விரிவாக்க அலுவலர்கள் கோடையில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கி, ஊர்ப் படத்தில் இந்த வாய்களைக் குறித்துவைத்தால் எத்தனையோ வேலிச் செலவு மிச்சமாகும். பூச்சிக்கு வயல் ஆய்வு செய்யச் சொல்லிக் கொடுக்கிறோம், காலால் நடந்து வரும் பூச்சிக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வாய் தெரிந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மானுக்கு மறுபக்கம் தெரியாத தடுப்பைத் தாண்டத் தயக்கம். கம்பிக்கு அடியிலும் இடையிலும் நுழையப் பார்க்கும். அதனால் வாய்களில் ஆறடி உயரத்துக்குப் பனையோலைத் தட்டியை, அடியில் சந்து விடாமல், இருபுறமும் நன்றாக நீட்டிக் கட்டுங்கள். மற்ற இடத்தில் கருக்குமட்டை வேலியே போதும். பனைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. காட்டோரத்தில் நாலைந்து பாகம் அகலத்துக்குக் கருவேலத்தை வேரோடு எடுத்து வெளியாக்குங்கள். கரிமூட்டத்துக்கு வெட்டி வேரை விட்டால் மறுபடி துளிர்த்துப் புதராகிவிடும். கடலை, தட்டைப்பயறை அந்த ஓரத்தில் விதைக்காமல் ஊர்ப் பக்கம் தள்ளுங்கள். ஓரத்தில் ஆமணக்கு நிற்கட்டும், அதை மான் விரும்பாது. அழுகிய முட்டைக் கரைசலின் வாடையும் விரட்டும். மழை கழுவிவிட்டாலும், புதுத் துளிர் வந்தாலும் மறுபடி தெளிக்க வேண்டும். பழைய சேலை கட்டுவது ஒரு வாரத்துக்கு வேலை செய்யும், பிறகு மானுக்குப் பழகிவிடும்.

கடலோர ஊர்களில் கழித்துப்போட்ட மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். தளர்வாகத் தொங்கும் வலையில் கொம்பு சிக்கினால் மான் அங்கேயே சாகும், நாய் கடித்துக் குதறும். பிறகு அது கண்ணி வைத்த வழக்காக மாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வலை கட்டுவதானால் இழுத்துக் கட்டுங்கள். கொக்கி போட்டு மின்சாரம் பாய்ச்சுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் பிள்ளையே அதில் விழலாம். சூரிய மின்வேலிக்கும் 2023இல் வந்த தமிழ்நாட்டு விதிகளின்படி அனுமதி பெற வேண்டும்.

தடம் படிக்கத் தெரிவதற்கு இப்போது காசு மதிப்பும் வந்திருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்கால் வரும் இழப்பை 2026 காரீப் பருவத்திலிருந்து கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுச் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்பதை மாநில அரசுகள் பட்டியலிட வேண்டும். யானையும் பன்றியும் எப்படியும் பட்டியலுக்குப் போய்விடும். மலையும் பெருங்காடும் இல்லாத இராமநாதபுரத்தில் மானால் சேதம் என்றால் சென்னையில் இருப்பவர் நம்புவதற்கே சான்று வேண்டும். சேதத்தைப் படம் எடுக்கும்போது பயிரை மட்டும் எடுக்காமல், குளம்படியின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து அதையும் எடுங்கள். புழுக்கையை எடுங்கள். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் ஊருக்கே சேர்த்து ஒரு தீர்மானமாகப் போட்டு மாவட்ட வன அலுவலருக்கும் வேளாண்மை இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கின் மீது நடவடிக்கைக்கு எழுத்தில் அனுமதி தரும் அதிகாரம் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வனத்துறைக்கு உண்டு. அதைக் கேட்பதற்கும் இந்தச் சான்றுதான் வேண்டும். தனி ஆளாக மனு கொடுத்துவிட்டு அலைந்து சலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சலிப்புதான் கார்க்காரருக்குத் தடத்தைக் காட்டுகிறது. இழப்பீட்டைத் தாமதிக்கும் எவரும் வேட்டைக்கு ஆள் சேர்க்கிறார் என்றே நான் எண்ணுகிறேன்.

சேதுக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு மானைத் தேடிப் போனவர் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. கடலாடிப் பக்கத்துப் பெரியவரோடு மறுநாள் காலை காட்டோரம் நடந்தேன். அவர் வயலுக்கு மான் இறங்கும் வாய் இரண்டுதான் இருந்தது. ஒன்று கண்மாய்க் கரையின் உடைப்பு வழியாக, இன்னொன்று அவர் பங்காளியின் தரிசு வழியாக. உடைப்பில் ஓலைத் தட்டி கட்டிவிட்டார். தரிசில் கருவேலத்தை எடுக்கப் பங்காளி சம்மதிக்க வேண்டும். இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. தை பிறக்கும் முன் நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பேசினேன், பாதி எடுத்திருக்கிறார்கள்.