டி.எம்.எஸ். சிலை முனிச்சாலை ரோட்டு நடுவில் இல்லாதது ஏன்? நம்ம ஊரில் கலைஞர்களுக்குச் சிலை வைக்க முடியுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இருந்து மதுரைக்குப் போறவங்க முனிச்சாலையில் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் சிலையைப் பார்த்திருக்கலாம். 2023 ஆகஸ்ட் 16-ல் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்த வெண்கலச் சிலை அது. சந்திப்பின் நடுவில் இல்லாமல், மாநகராட்சி மண்டல அலுவலக வளாகத்துக்குள் நிற்கிறது. சொந்த ஊர்க்காரருக்கு நடு ரோட்டில் இடம் இல்லையா என்ன?

பிரச்னை இடம் இல்லை, சட்டம். கேரளாவின் நெய்யாற்றின்கரையில் முன்னாள் அமைச்சர் சுந்தரன் நாடாருக்குச் சிலை வைப்பது தொடர்பான விவகாரத்தில், 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. சாலை, நடைபாதை உள்ளிட்ட பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் இனி அனுமதி தரக்கூடாது என்பதுதான் அது.

சிவாஜிக்கு நடந்தது

இதில் அதிகம் அலைக்கழிக்கப்பட்டவர் நடிகர் திலகம்தான். சென்னை மெரினா எதிரே காமராஜர் சாலையில் 2006 ஜூலையில் கலைஞர் கருணாநிதி திறந்து வைத்த சிலையை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் அகற்றச் சொன்னது உயர் நீதிமன்றம். 2017 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து, அடையாறு மணிமண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அக்டோபர் 1, அவர் பிறந்தநாளில் மண்டபம் திறக்கப்பட்டது.

திருச்சி கதை இன்னும் மோசம். 2011-ல் பாலக்கரை ரவுண்டானாவில் வைத்த சிவாஜி சிலை, திறப்பு விழாவே இல்லாமல் வருஷக்கணக்கில் மூடியே கிடந்தது. வேறு இடத்துக்கு மாற்றி 2025 மே மாதம்தான் திறந்தார்கள். ஒரு நடிகரை முகத்தை மூடி நிறுத்தி வைப்பதற்கு, சிலையே வைக்காமல் இருந்திருக்கலாம்!

நம்ம ஊரில்?

அருப்புக்கோட்டை 1977-ல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்து முதலமைச்சராக்கிய தொகுதி. கலைஞர்கள் மேல் பாசம் இங்கே புதுசு இல்லை. ஆனால் ஒரு நாதஸ்வர வித்வானுக்கோ நாடகக் கலைஞருக்கோ சிலை கேட்பவர்கள், பஸ் ஸ்டாண்டு முக்கைக் காட்டி மனு கொடுத்தால் வேலைக்காகாது. நகராட்சி வளாகம், பூங்கா, நூலகம் மாதிரி சாலைக்கு வெளியே ஒரு இடத்தைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கணும். அனுமதி அரசிடமிருந்து வரணும். அது கைக்கு வருவதற்கு முன்னாடி சிற்பிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.