பம்ப் பையில் இருக்கு... மருந்து நெஞ்சுக்குப் போகலையே!

ஆஸ்துமாக்காரர்களுக்கு இனிக் கவலை இல்லை, எல்லாம் செல்போனிலேயே வந்துவிட்டது என்று ஒரு பேச்சு நடக்கிறது. மருந்து எடுக்கும் நேரத்துக்கு மணி அடிக்குமாம். எத்தனை தடவை பம்ப் இழுத்தீர்கள் என்று கணக்கு எழுதுமாம். இன்றைக்குக் காற்றில் தூசி எவ்வளவு, வெளியே போகலாமா கூடாதா என்றுகூடச் சொல்லுமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணி அடித்துவிட்டால் மருந்து தானாக நெஞ்சுக்குள் போய்விடுமா?

இது சின்ன விவகாரம் இல்லை. 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கு ஆஸ்துமா. உலகத்தில் உள்ள ஆஸ்துமாக்காரர்களில் 100-க்கு 13 பேர் நம் நாட்டுக்காரர்கள். ஆனால் ஆஸ்துமாவால் செத்துப்போகிறவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் நம்மவர்கள்! வியாதி என்ன, ஊர் பார்த்தா வருகிறது? மருந்து இருந்தும் அது ஒழுங்காக உள்ளே போவதில்லை. முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று.

நீல பம்ப் சவாரி

மாம்பலத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கும் ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயசு. சின்ன வயசிலிருந்தே வீசிங். டாக்டர் இரண்டு பம்ப் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று, மூச்சு முட்டும்போது உடனே இழுக்க. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். இன்னொன்று, மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் ராத்திரியும் தினமும் இழுக்க.

முதல் மாதம் இரண்டும் ஒழுங்காக நடக்கும். மூச்சு லேசாகிவிடும். உடனே என்ன தோன்றும்? "அதான் சரியாப் போச்சே, எதுக்கு வீணா ஸ்டீராய்டு?" தினசரி பம்ப் அலமாரிக்குப் போய்விடும். சட்டைப் பையில் நீல பம்ப் மட்டும் மிச்சம். ஸ்டேஷன் படி ஏறினால் ஒரு பஃப். பக்கத்து சீட்டுக்காரர் ஊதுவத்தி ஏற்றினால் ஒரு பஃப். மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இரண்டு பஃப். போகிப் புகை வந்தால் கேட்கவே வேண்டாம். 2018-ல் போகி அன்று சென்னையில் விமானமே இறங்க முடியாமல் திரும்பிப் போனது. மனுஷன் நுரையீரல் எம்மாத்திரம்?

நீல பம்பில் இருப்பது சால்புட்டமால். மூச்சுக் குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையை அது தளர்த்திவிடும். ஐந்து நிமிஷத்தில் சுகம். நாலைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் குழாய்க்குள்ளே இருக்கிற வீக்கம் அப்படியே இருக்கும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற வேலைதான் அது. ஓடு மாற்றுகிற வேலையைச் செய்வது அலமாரியில் தூங்குகிற மற்ற பம்ப். அது வீக்கத்தை வற்ற வைக்கும். ஆனால் நாள் பிடிக்கும். இழுத்த உடனே எதுவும் தெரியாது. உடனே தெரியாத மருந்தை யார் மதிக்கிறார்கள்?

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கேஸ் கட்டுகளை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள்; முடிவு 2014-ல் வெளிவந்தது. நீல பம்ப் கணக்கு கிடைத்தவர்களில் 100-க்கு 39 பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் பன்னிரண்டுக்கும் மேல் அந்த பம்ப் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்று! 2019-ல் உலக ஆஸ்துமா அமைப்பான ஜீனா திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: பெரியவர்களும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளும் நீல பம்பை மட்டும் வைத்துக் காலம் தள்ளக் கூடாது. (இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒரே பம்பும் இப்போது இருக்கிறது. அதைக் கொடுத்திருந்தால் டாக்டர் சொன்ன கணக்குதான் உங்களுக்குக் கணக்கு.)

ஸ்டீராய்டு என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு பயம். பம்ப் என்றால் இன்னொரு பயம். "பழகிடும்", "கடைசிக் கட்டத்துக்குத்தான் பம்ப்". அதனால் மாத்திரை கேட்பார்கள். இந்த விந்தையைப் பாருங்கள்: நீல பம்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம். அதாவது ஒரு மாத்திரைக்கு நாற்பது பஃப்! பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது, கொஞ்சம் போதும். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு பூராவும் சுற்றிவிட்டு வருகிறது. கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது என்று அப்புறம் புலம்பி என்ன பயன்? தினசரி பம்பில் உள்ள ஸ்டீராய்டும் மைக்ரோகிராம் கணக்குதான். அதற்குப் பயந்து அதை நிறுத்தி, கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் ஸ்டீராய்டை மில்லிகிராம் கணக்கில் ஊசியாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்!

இதில் கல்யாண விவகாரம் வேறு. பெண் பார்க்க வருகிற அன்று பம்பை பீரோவில் ஒளித்து வைக்கிற வீடுகள் உண்டு. பெண்ணுக்கு மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, பம்ப் தெரியக் கூடாது! இந்த வெட்கத்துக்கு எந்த ஆப்பில் மணி அடிக்கிறது?

மணிக்கு மவுசு உண்டு

மணியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்தில் 220 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. எல்லார் பம்பிலும் ஒரு சின்னக் கருவி. எத்தனை தடவை இழுத்தார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு மட்டும் நேரத்துக்கு மணியும் அடிக்கும். ஆறு மாதம் பார்த்தார்கள். மணி அடிக்காத பிள்ளைகள் எடுக்க வேண்டிய மருந்தில் 100-க்கு 30-தான் எடுத்தார்கள். மணி அடித்த பிள்ளைகள் 84 எடுத்தார்கள்! வீசிங் தொந்தரவும் குறைந்தது. ஸ்கூலுக்கு மட்டம் போடுவது மட்டும் குறையவில்லை. அது உலகம் பூராவும் ஒரே வியாதி போலிருக்கிறது.

அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பம்பில் கருவி மாட்டினார்கள். எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு ஜனங்கள் பம்பை எடுக்கிறார்கள் என்று ஊரின் படமே கிடைத்துவிட்டது. எந்தப் பக்கம் காற்று கெட்டிருக்கிறது என்று மூச்சுத் திணறுகிறவர்களே காட்டிக் கொடுத்துவிட்டார்கள். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் பக்கமும் எண்ணூர்ப் பக்கமும் இப்படி ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும்? சிலருக்குத் தூக்கம் போகும்.

ஆனால் இந்த சமாச்சாரத்தில் கம்பெனியை நம்பி இருக்க முடியாது. டெவா என்கிற பெரிய மருந்துக் கம்பெனி பம்புக்குள்ளேயே கருவி வைத்து, போனோடு பேசுகிற நீல பம்பைக் கொண்டு வந்தது. 2018-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2024 ஜூனில் கம்பெனியே கடையைக் கட்டிவிட்டது. பழகினவர்கள் பழகினதுதான் மிச்சம். அங்கேயே அந்தக் கதி என்றால், இங்கே?

இங்கே ஆப் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ். பெயர், வயசு, ஈமெயில், ஓடிபி, அப்புறம் எட்டு பக்கம் கேள்வி. சவுகார்பேட்டையில் மூட்டை இறக்குகிறவர் இதையெல்லாம் தட்டிக்கொண்டிருப்பாரா? வீட்டில் போன் ஒன்று இருக்கும், அது பையன் கையில் இருக்கும். ஆஸ்துமா பாட்டிக்கு. மணி அடித்தால் பையன் விளையாட்டு கெடுகிறது என்று அணைத்துவிடுவான். உங்கள் மூச்சுக் கணக்கு எந்த ஊர்க் கம்பியூட்டரில் போய் உட்காருகிறது என்பது தனிக் கதை.

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

மருந்தை மறக்காமல் சாப்பிட வைப்பது எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஊர் நம்ம ஊர்! 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் டி.பி. என்றால் மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். நோயாளிகளில் ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னொரு பாதியை வீட்டிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். குடிசையில் இருந்தவர்களும்தான்!

எப்படி நடந்தது? மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு சும்மா இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். மறந்தால் கேட்க ஒரு ஆள் இருந்தார்.

செல்போன் காலத்திலும் அதே டி.பி.க்கு ஒரு நல்ல யோசனை வந்தது. 2015 வாக்கில் தொடங்கிய இதற்கு 99டாட்ஸ் என்று பெயர். மாத்திரையைப் பிய்த்தால் உள்ளே ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். காசு கிடையாது, ஆப் கிடையாது. நூறு ரூபாய் பழைய போன் இருந்தால்கூட நடக்கும். கால் வரவில்லை என்றால் சுகாதார ஊழியருக்குத் தெரிந்துவிடும். இதிலும் ஓட்டை இருக்கிறது. சென்னையிலும் மும்பையிலும் வீட்டுக்குப் போய்ச் சோதித்தபோது, கால் கொடுத்தவர்கள் எல்லாரும் மாத்திரை சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்ட சிலர் கால் கொடுக்கவில்லை. நம்ம ஆட்கள் மிஸ்டு காலிலும் கில்லாடிகள்! ஆக, மிஸ்டு காலும் போதாது, அந்தப் பக்கம் ஆள் வேண்டும்.

அதனால்தான் கேட்கிறோம். 104-க்குப் போன் போட்டால் தமிழில் ஆள் பேசுகிறார்கள். அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதே போன் காலையும் ராத்திரியும் ஆஸ்துமாக்காரர்களைத் தேடி வந்தால் என்ன? பதிவு செய்த குரல் போதும். "பம்ப் இழுத்தீங்களா? இழுத்திருந்தா 1 அமுக்குங்க." நாலு நாள் பதில் இல்லை என்றால், வார்டு சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு தடவை கூப்பிடட்டும். வீட்டுக்குப் போகட்டும். பிபி, சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய காரியம் இல்லை. முதலில் ஆஸ்பத்திரியில் தினசரி பம்ப் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்க வேண்டும். பம்ப் இல்லாத வீட்டில் மணி அடித்து என்ன செய்ய?

அந்த நர்ஸ் வரும்போது இன்னொரு காரியமும் நடக்கும். பம்பை எப்படி இழுக்கிறீர்கள் என்று பார்ப்பார். இதை எந்த சாதாரண ஆப்பும் பார்க்க முடியாது. பாதிப் பேர் வாயில் வைத்து 'புஸ்' என்று அடித்துக்கொள்கிறார்கள். மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்க வேண்டும். பத்து எண்ணுகிற வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் ஸ்பேசர் என்கிற குழாய் மாட்டினால் சுலபம். தினசரி பம்ப் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம்.

அரசு செய்கிற வரைக்கும் என்ன பண்ணுவது? போனில் அலாரம் இருக்கிறதே, அது இலவசம். ஆனால் எட்டரை மணிக்கு வைக்காதீர்கள். அப்போது நீங்கள் கோடம்பாக்கத்தில் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். பம்ப் வீட்டில் இருக்கும். பல் தேய்க்கிற நேரத்துக்கு வையுங்கள். பம்பையும் பிரஷ் பக்கத்திலேயே வையுங்கள். வாய் கொப்பளிப்பதும் அங்கேயே முடிந்துவிடும்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற அண்ணாச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஆள் மாதாமாதம் நீல பம்ப் மட்டும் வாங்கிப் போகிறாரா? ஒரு பம்பில் 200 பஃப். மாதம் ஒன்று என்றால் தினம் ஆறேழு பஃப். "அண்ணே, இன்னொரு பம்ப் இருக்குமே, அது எங்கே?" என்று கேளுங்கள். வியாபாரம் குறையாது, இரண்டாவது பம்பும் விற்கும்!

வாங்குகிறவர்கள் நீல பம்ப் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கின தேதியைப் பேனாவால் அதன்மேல் எழுதி அலமாரியில் வையுங்கள். ஒரே வருஷத்தில் மூன்று பெட்டி சேர்ந்துவிட்டால், அந்த மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மேஜைமேல் வரிசையாக வையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.